கருத்தடை மாத்திரை: குமரி மாவட்ட வாசகியரின் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

கருத்தடை மாத்திரைகளைப் பற்றிய ஐயங்களை எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்கள் ஒன்றோடொன்று தொடர்புடையவையாக இருந்ததால் அவற்றை மட்டும் இவ்விதழில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் விருப்பப்படி பெயர்களைத் தவிர்த்துள்ளேன்.

கடிதங்களைப் படிக்கையில் ஒன்று என்னை உறுத்தியது. பெரும்பாலானவற்றில் மாத்திரையின் பெயரே இல்லை. ‘கடையில் கொடுத்த மாத்திரை’, ‘அக்காள் போடும் மாத்திரை’, ‘வெள்ளை மாத்திரை’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். தினமும் எடுக்க வேண்டியது, வாரக் கணக்கில் எடுக்க வேண்டியது, அவசரத்துக்கு ஒரே ஒரு முறை எடுக்க வேண்டியது, மாதவிடாயைத் தள்ளிப்போட மட்டும் உதவுவது, உண்டாகிவிட்ட கருவைக் கலைப்பது என ஐந்து வெவ்வேறு மருந்துகள் நம் பேச்சில் ‘அந்த மாத்திரை’ என்ற ஒரே பெயரில் உலவுகின்றன. பதில்களைப் படிக்கும் முன்பு, வீட்டில் இருக்கும் அட்டையைத் திருப்பி, பின்புறம் அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயரை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் கணவர் ஆழ்கடல் மீன்பிடித் தொழிலாளி. கொச்சியிலிருந்து படகேறினால் முப்பது, நாற்பது நாட்கள் கழித்துத்தான் கரைக்கு வருவார். வீட்டில் ஒரு வாரமோ பத்து நாட்களோ இருப்பார். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். கிராம சுகாதார செவிலியர் மாலா-என் மாத்திரை தந்தார். கணவர் வீட்டில் இருக்கும் நாட்களில் மட்டும் எடுத்தால் போதாதா? அவர் கடலில் இருக்கும்போதும் மாத்திரை போடுவதைக் கண்டு என் மாமியார் முகம் சுளிக்கிறார்.
ஒரு வாசகி, தூத்தூர்

பதில்: போதாது, சகோதரி. இந்த ஒரு தவறான எண்ணத்தால் கருவுற்று, ‘மாத்திரை போட்டும் பிள்ளை உண்டாகிவிட்டது’ என்று கலங்கி வந்த கடற்கரைப் பெண்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். மாலா-என் மாத்திரையில் லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராமும் எத்தினில் எஸ்ட்ராடியால் 0.03 மில்லிகிராமும் உள்ளன. இவ்விரண்டு ஹார்மோன்களும் நாள் தவறாமல் உடலில் சேர்ந்துகொண்டே இருந்தால்தான் சினைப்பையிலிருந்து முட்டை வெளிவருவது நிற்கும். அதற்குத் தொடர்ந்து ஏழு நாட்களாவது மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும். கணவர் வந்த அன்று தொடங்கி, அவர் கிளம்பும் அன்று நிறுத்தினால், பாதுகாப்பு வந்து சேரும் நேரத்தில் மாத்திரையை நிறுத்திவிடுகிறீர்கள். அதோடு ஆணின் விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாட்கள் வரை உயிரோடு இருக்கக்கூடும் என்பதால், அவர் படகேறிய பிறகும் கரு உண்டாக வாய்ப்பு உண்டு.

இவர் கடலுக்குப் போனதும் விட்டுவிடலாம், வரும் மாதம் மீண்டும் தொடங்கலாம் என்று அடிக்கடி நிறுத்தித் தொடங்குவதும் நல்லதன்று. இரத்தக் குழாயில் உறைகட்டி உண்டாகும் ஆபத்து, அரிதானதே என்றாலும், மாத்திரையைப் புதிதாகத் தொடங்கும் முதல் மாதங்களில்தான் மற்றக் காலத்தைவிடக் கூடுதலாக இருக்கிறது. நான்கு வாரங்களோ அதற்கு மேலோ இடைவெளி விட்டுத் தொடங்கும்போது அந்த ஆபத்துக் காலமும் புதிதாகத் தொடங்குகிறது. ஆகவே உங்கள் கணவரைப் போல ஒரு மாதத்துக்கு ஒருமுறை வந்துபோகிறவர்களின் மனைவியர் இடைவிடாமல் எடுப்பதே முறை. கணவர் வளைகுடா நாட்டில் இருந்து ஆண்டுக்கு ஒருமுறை விடுப்பில் வருகிறார் என்றால் நிலைமை வேறு. அவர்கள் ஓர் அட்டையை முழுவதும் முடித்துவிட்டு நிறுத்தலாம். அவர் வருவதற்கு முந்திய மாதவிடாயின் முதல் ஐந்து நாட்களுக்குள் புதிய அட்டையைத் தொடங்கிவிட்டால் அவர் விமானம் இறங்கும்போது முழுப் பாதுகாப்பு இருக்கும். அந்த ஐந்து நாட்கள் தவறி, இடையில் தொடங்க நேர்ந்தால், கரு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, முதல் ஏழு நாட்களுக்கு ஆணுறையும் பயன்படுத்த வேண்டும்.

மாமியாரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். கணவர் இல்லாத நாளில் எடுக்கும் மாத்திரை ஒரு பெண்ணின் நடத்தையின் மீது சந்தேகத்தை எழுப்புகிறது என்பது வேதனையான உண்மை. ஒருநாள் அவரையும் அழைத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள்; ‘இது காய்ச்சல் மாத்திரையைப் போல வேண்டும்போது போடுவதன்று, சர்க்கரை மாத்திரையைப் போல நாள்தோறும் போட வேண்டியது’ என்று செவிலியர் ஒருமுறை சொன்னால் அவருக்குப் புரியும். அது இயலாது என்றால், இரண்டு பிள்ளைகள் பெற்ற உங்களுக்குக் காப்பர்-டி மிகப் பொருத்தமானது. அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பொருத்துகிறார்கள். அதில் 380-ஏ என்ற வகை பத்து ஆண்டுகள் வரை வேலை செய்யும். யார் கண்ணிலும் படாது.

கேள்வி: நானும் கணவரும் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் வேலைக்குப் போகிறோம். விடியற்காலை மூன்று மணிக்கே எழ வேண்டும் என்பதால் காலையில் மாத்திரை போட மறந்துவிடுகிறேன். போன மாதம் இரண்டு நாட்கள் விட்டுப்போய், மூன்றாம் நாள் மூன்றையும் ஒன்றாக விழுங்கினேன். அட்டையின் கடைசியில் இருக்கும் பழுப்பு மாத்திரைகள் சத்து மாத்திரைதானே என்று அவற்றை எறிந்துவிடுவேன். இரத்தப்போக்கு முழுவதும் நின்ற பிறகே அடுத்த அட்டையைத் தொடங்குகிறேன். இவை சரிதானா?
ஒரு வாசகி, குலசேகரம்

பதில்: நீங்கள் ஒளிக்காமல் எழுதியதற்கு நன்றி, இக்கடிதம் பலருக்குப் பயன்படும். நீங்கள் கேட்ட மூன்றில் என்னை உண்மையில் கவலைப்படுத்துவது கடைசியில் உள்ளதுதான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மாலா-என், மாலா-டி போன்ற அட்டைகளில் 28 மாத்திரைகள் இருக்கும். முதல் 21 வெள்ளை மாத்திரைகளில்தான் ஹார்மோன் இருக்கிறது. எஞ்சிய ஏழும் இரும்புச்சத்து மாத்திரைகள். ஹார்மோன் இல்லாத இந்த ஏழு நாட்களில் மாதவிடாய் வரும். அதே நாட்களில் அதுவரை உறங்கிக்கொண்டிருந்த சினைப்பை மெல்ல விழித்துக்கொள்ளவும் தொடங்கும். எட்டாம் நாள் புதிய அட்டையின் முதல் வெள்ளை மாத்திரை உள்ளே போனால் அது மீண்டும் அடங்கிவிடும். பத்தாம் நாள், பன்னிரண்டாம் நாள் என்று தள்ளிப்போனால் முட்டை வெளிவந்துவிடக்கூடும். இரத்தப்போக்கு பெரும்பாலும் பழுப்பு மாத்திரையின் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் தொடங்கும் என்பதால், அது ‘முழுவதும் நிற்கட்டும்’ என்று காத்திருப்பவருக்கு இந்த ஏழு நாள் இடைவெளி தானாகவே நீண்டுவிடுகிறது. மாதக்கணக்கில் ஒரு மாத்திரைகூடத் தவறவிடாதவருக்கும் இந்த ஒரு வழக்கத்தால் கரு உண்டாகலாம். ஓர் அட்டை முடிந்தால் மறுநாளே அடுத்த அட்டை. இரத்தப்போக்கு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. பழுப்பு மாத்திரையை எறிந்தால் கருத்தடைக்குக் குறை நேராது என்பது உண்மைதான். ஆனால் அது நாள் கணக்கைக் காத்துத் தருகிறது, இரத்தசோகைக்கும் நல்லது. தோட்ட வேலை செய்யும் உடம்புக்கு அந்த இரும்பு வேண்டும். 21 மாத்திரைகள் மட்டும் உள்ள தனியார் அட்டை வாங்குகிறவர்கள் சரியாக ஏழு நாட்கள் விட்டு எட்டாம் நாள் தொடங்க வேண்டும். நாட்காட்டியில் அந்த எட்டாம் நாளை இன்றே வட்டமிட்டுவிடுங்கள்.

இனி, மறந்துபோன மாத்திரைகள். ஒரு வெள்ளை மாத்திரை மட்டும் விட்டுப்போனால், நினைவு வந்த உடனே அதைப் போட்டுவிட்டு, அன்றைய மாத்திரையை வழக்கமான நேரத்தில் போடுங்கள். ஒரே நாளில் இரண்டு போட நேர்ந்தாலும் தீங்கில்லை. வேறு பாதுகாப்பும் தேவையில்லை. தொடர்ந்து இரண்டோ அதற்கு மேலோ விட்டுப்போனால், கடைசியாக விட்டதை மட்டும் உடனே எடுத்து, அதற்கு முந்தியவற்றை ஒதுக்கிவிட்டு, அட்டையைத் தொடர வேண்டும். நீங்கள் செய்ததுபோல எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கினால் குமட்டல்தான் மிஞ்சும். அடுத்த ஏழு நாட்களுக்கு ஆணுறை கட்டாயம். இந்த விடுபடல் அட்டையின் மூன்றாம் வாரத்தில் நேர்ந்திருந்தால், வெள்ளை மாத்திரைகள் தீர்ந்ததும் பழுப்பு மாத்திரைகளைத் தொடாமல் நேரே அடுத்த அட்டையின் வெள்ளை மாத்திரைக்குப் போய்விட வேண்டும். அந்த மாதம் மாதவிடாய் வராமல் போகலாம், அதில் தவறில்லை. முதல் வாரத்தில் நேர்ந்து, அந்நாட்களில் உடலுறவும் இருந்திருந்தால், காத்திருக்காமல் மருத்துவரைப் பார்த்து அவசரக் கருத்தடை மாத்திரை தேவையா என்று கேளுங்கள். மாத்திரை போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். வயிற்றுப்போக்கோ வாந்தியோ கடுமையாக இரண்டு நாட்களுக்கு மேல் நீடித்தால் அந்த நாட்களை மாத்திரை தவறிய நாட்களாகவே கணக்கிட வேண்டும்.

விடியற்காலை மூன்று மணி உங்களுக்கு உகந்த நேரம் அன்று. இரவுச் சோறு உண்டு, அடுக்களையை ஒதுக்கிவிட்டுப் படுக்கப் போகும் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். உணவுக்குப் பின் எடுத்தால் குமட்டலும் குறையும். காலையிலிருந்து இரவுக்கு மாறும்போது, மறுநாள் இரவு வரை காத்திருக்காமல், அன்று காலை எடுத்திருந்தாலும் அன்றிரவே ஒன்றை எடுத்து அங்கிருந்து தொடருங்கள். விட்டுவிட்டு எடுத்திருப்பதால், இம்மாதம் பழுப்பு மாத்திரை நாட்களில் இரத்தப்போக்கு வராவிட்டால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். கரு உண்டாகியிருப்பது தெரியாமல் சில நாட்கள் இம்மாத்திரையை எடுத்திருந்தாலும் குழந்தைக்கு ஊனம் வராது. அந்தப் பயம் வேண்டாம்.

கேள்வி: எனக்குத் திருமணமாகி ஐந்து மாதங்கள் ஆகின்றன. மேற்படிப்பு முடியும் வரை குழந்தையைத் தள்ளிப்போட விரும்புகிறோம். தினமும் மாத்திரை எடுத்தால் பிறகு மலடாகிவிடும் என்று வீட்டில் சொல்வதால், தேவைப்படும்போது மட்டும் அவசர மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். சென்ற மாதம் மட்டும் மூன்று முறை எடுத்தேன்.
ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: பாதுகாப்பானதைப் பயந்து விலக்கிவிட்டு, பலன் குறைந்ததைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். தினசரி மாத்திரை மலட்டுத்தன்மையை உண்டாக்குவதில்லை. நிறுத்திய பின் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ முட்டை வெளிவருவது பழையபடி திரும்பிவிடும். நிறுத்திய மாதமே கருவுற்றவர்களும் உண்டு. மாத்திரை எடுத்த சிலருக்குப் பின்னர் குழந்தை தாமதமாவது, பெரும்பாலும் அவர்களுக்கு முன்பே இருந்த சினைப்பை நீர்க்கட்டி, தைராய்டு, கணவரின் விந்தணுக் குறைபாடு போன்ற காரணங்களால்தான். பழியை மட்டும் மாத்திரை சுமக்கிறது.

அவசர மாத்திரையில் 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் உள்ளது. உடலுறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். எவ்வளவு விரைவாக எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. அது முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும். முட்டை வெளிவந்த பிறகு எடுத்தால் பலன் மிகக் குறைவு. எடுத்த பிறகு அம்மாதத்தின் எஞ்சிய நாட்களுக்கு அது எந்தப் பாதுகாப்பும் தராது. ஆணுறை கிழிந்ததற்கும் மாத்திரை மறந்ததற்கும் உரியது அது. மாதம் மூன்று முறை எடுத்தால் உடல் கெட்டுவிடாது என்றாலும், மாதவிடாய்க் கணக்கு குழம்பும், கருத்தரிக்கும் வாய்ப்பும் தினசரி மாத்திரை எடுப்பவரைவிட மிக அதிகம். தினசரி மாத்திரையைத் தவறாமல் எடுக்கும் நூறு பெண்களில் ஓராண்டில் கரு தரிப்பவர் ஒருவருக்கும் குறைவு. மறதியும் சேர்ந்த நடைமுறை வாழ்க்கையில் நூறில் ஏழு பேருக்குத் தரிக்கிறது. தமிழ்நாட்டில் மருந்துக்கடைகள் பலவற்றில் அவசர மாத்திரையை வைப்பதில்லை என்பதால், அதை நம்பியிருப்பவர் தேவையான நேரத்தில் கடை கடையாக அலையவும் நேரும்.

ஒரு கடுமையான எச்சரிக்கை. மாதவிடாய் தள்ளிப்போன பிறகு கடையில் கேட்டு வாங்கும் மைஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் மாத்திரைகள் கருத்தடை மாத்திரைகள் அல்ல. அவை கருக்கலைப்பு மாத்திரைகள். கரு, கருப்பைக்கு வந்து சேராமல் கருக்குழாயில் தங்கியிருந்தால் அவை அதைக் கலைக்காது. குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்தாகும். அவற்றை மருத்துவரின் மேற்பார்வை இல்லாமல் எடுக்கவே கூடாது. கருக்கலைப்பு நம் நாட்டில் சட்டப்படி மருத்துவமனையில் செய்துகொள்ளக்கூடியதே. மறைவாகச் செய்ய வேண்டிய தேவை இல்லை.

கேள்வி: எனக்கு வயது 38. சில ஆண்டுகளாக ஒற்றைத் தலைவலி உண்டு; வலி வருவதற்கு முன் கண்ணில் வளைந்து வளைந்து மின்னும் கோடுகள் தெரியும். மருந்துக்கடையில் வாங்கிய கருத்தடை மாத்திரையை ஆறு மாதங்களாக எடுக்கிறேன். இரத்த அழுத்தம் பார்த்ததில்லை.
ஒரு வாசகி, தக்கலை

பதில்: இதைப் படித்த இன்றே அந்த மாத்திரையை நிறுத்துங்கள், அம்மா. மாற்று ஏற்பாடு ஆகும் வரை ஆணுறையைப் பயன்படுத்துங்கள். மின்னும் கோடுகளோடு வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், மாலா-என், மாலா-டி போன்ற, ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கலந்த மாத்திரையை எந்த வயதிலும் எடுக்கக் கூடாது. மூளையில் இரத்தம் உறைந்து பக்கவாதம் வரும் ஆபத்து அவர்களுக்குக் கூடுகிறது. இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருப்பவர்கள், காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள், இதய நோய், கல்லீரல் நோய், மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள், 35 வயதுக்கு மேல் புகைப்பவர்கள் ஆகியோருக்கும் இம்மாத்திரை ஆகாது. இவற்றுள் எதையும் உங்களிடம் கேட்காமல் ஒருவர் அட்டையை எடுத்து நீட்டினார் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. மருத்துவர் கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இரத்த அழுத்தம் பார்க்கத் துணைச் சுகாதார நிலையத்திலேயே கருவி இருக்கிறது.

தக்கலையில் உள்ள அரசு மருத்துவமனையிலோ ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மகப்பேறு மருத்துவரைப் பார்த்துக் காப்பர்-டி போன்ற ஹார்மோன் இல்லாத முறைக்கு மாறுங்கள். மாத்திரை எடுக்கும் எந்தப் பெண்ணும், கெண்டைக்காலில் ஒரு பக்கம் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், இதுவரை இல்லாத கடும் தலைவலி, பார்வை மங்குதல், மேல்வயிற்றில் கடும் வலி, கண் மஞ்சளாதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் மறுநாள் வரை பொறுக்காமல் 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். தான் கருத்தடை மாத்திரை எடுப்பதை மருத்துவமனையில் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். வெட்கத்தால் அதை மறைத்ததால் நோயைக் கண்டறியத் தாமதமாகியிருக்கிறது. நான் பணிக்குச் சேர்ந்த புதிதில், கால் வீங்கி வந்த ஓர் இளம்பெண் மாமியார் உடனிருந்ததால் மாத்திரையைப் பற்றி வாய் திறக்கவில்லை. நானும் தனியே அழைத்துக் கேட்கவில்லை. அவர் பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து எந்தப் பெண்ணையும் தனியே கேட்காமல் நான் மருந்துச் சீட்டு எழுதுவதில்லை.

கேள்வி: அறுவை சிகிச்சை மூலம் குழந்தை பிறந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. தாய்ப்பால் மட்டும் கொடுக்கிறேன். மாலா-டி எடுக்கலாமா, சாயா எடுக்கலாமா?
ஒரு வாசகி, குளச்சல்

பதில்: மாலா-டி இப்போது வேண்டாம். தாய்ப்பால் கொடுப்பவர்கள் குழந்தைக்கு ஆறு மாதம் நிறையும் வரை ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரையைத் தவிர்க்க வேண்டும். பால் சுரப்பு குறையலாம். சாயா எடுக்கலாம். அதிலுள்ள சென்ட்குரோமேன் என்ற மருந்து லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் கண்டறியப்பட்டது, ஹார்மோன் அல்லாதது, தாய்ப்பாலைக் குறைக்காது. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தருகிறார்கள்.

முதல் மூன்று மாதங்களுக்கு வாரம் இரண்டு மாத்திரைகள், நான்காம் மாதம் முதல் வாரம் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை தொடங்கினால் ஞாயிறும் புதனும்; மூன்று மாதங்கள் கழிந்ததும் ஞாயிறு மட்டும். வார மாத்திரைதானே என்று முதல் மாதமே ஒன்றாகக் குறைத்துவிடுபவர்களிடம்தான் இது தோற்றுப்போகிறது. மாதவிடாய் வரத் தொடங்கிய பின் அது சில வேளை தள்ளிப்போகும், அளவும் குறையும். அது மருந்தின் இயல்பு. பதினைந்து நாட்களுக்கு மேல் தள்ளினால் மட்டும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். தவறிய மாத்திரையை நினைவு வந்ததும் எடுத்து, அடுத்த மாதவிடாய் வரை ஆணுறை பயன்படுத்துங்கள். ஏழு நாட்களுக்கு மேல் தவறினால் முதலில் இருந்து, அதாவது வாரம் இரண்டு என்ற கணக்கிலிருந்து, தொடங்க வேண்டும். அண்மையில் மஞ்சள் காமாலை வந்தவர்களுக்கும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு உள்ளவர்களுக்கும் சாயா ஏற்றதன்று.

கேள்வி: மண்டைக்காட்டு மாசிக் கொடைக்கு ஆண்டுதோறும் செல்வோம். அந்நாட்களில் மாதவிலக்கு வராமலிருக்க மாத்திரை எடுப்பேன். நான் மாலா-என் எடுப்பதால் இரண்டையும் சேர்த்து எடுக்கலாமா? என் தங்கை அந்த மாத்திரையை மட்டும் எடுத்துக்கொண்டு, கருத்தடையும் அதிலேயே நடக்கும் என்கிறாள்.
ஒரு வாசகி, கருங்கல்

பதில்: உங்களுக்கு இரண்டாவது மாத்திரையே தேவையில்லை. கொடை நாட்களில் பழுப்பு மாத்திரை முறை வருவதாக இருந்தால், அந்த ஏழையும் விட்டுவிட்டு, அடுத்த அட்டையின் வெள்ளை மாத்திரையை நேரே தொடங்குங்கள். மாதவிலக்கு அடுத்த அட்டையின் முடிவில் வரும், கருத்தடையும் குறையாது. கையிருப்பில் ஓர் அட்டை கூடுதலாக இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை எடுப்பது நோரெத்திஸ்டிரோன் 5 மில்லிகிராம் மாத்திரையாக இருக்கும். மாதவிலக்கு எதிர்பார்க்கும் நாளுக்கு மூன்று நாட்கள் முன்பிருந்து நாளொன்றுக்கு மூன்று வேளை எடுப்பது வழக்கம். நிறுத்திய இரண்டு, மூன்று நாட்களில் இரத்தப்போக்கு வரும். இப்படி எடுக்கையில் அது கருத்தடையாக வேலை செய்யாது. தங்கையிடம் இதை இன்றே சொல்லுங்கள். அந்த மருந்தின் ஒரு சிறு பகுதி உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுவதால், தக்கலை வாசகிக்குச் சொன்ன எச்சரிக்கைகள் இதற்கும் பொருந்தும். எடுப்பதும் எடுக்காததும் அவரவர் பக்தியையும் விருப்பத்தையும் பொறுத்தது. ஆனால் வீட்டுப் பெரியவர்கள் கடையில் வாங்கி, பருவமடைந்த சிறுமிகளுக்கும் ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கொடுக்கும் வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: காசநோய்க்கு மருந்து எடுத்து வருகிறேன். கருத்தடை மாத்திரையும் எடுக்கிறேன். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகுமா?
ஒரு வாசகி, ஆரல்வாய்மொழி

பதில்: ஒத்துப்போகாது. காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் கருத்தடை மாத்திரையின் ஹார்மோனைக் கல்லீரலில் வேகமாகச் சிதைத்துவிடும்; நீங்கள் நாள் தவறாமல் எடுத்தாலும் பாதுகாப்பு இராது. வலிப்பு நோய்க்குத் தரும் ஃபெனிடாயின், கார்பமாசெபின், ஃபீனோபார்பிடோன் ஆகியவையும் அப்படியே. சளி, காய்ச்சலுக்குத் தரும் சாதாரண ஆன்டிபயாடிக் மருந்துகளால் இந்தத் தொல்லை இல்லை. எக்காரணம் கொண்டும் காசநோய் மருந்தை நிறுத்தாதீர்கள். மாற்ற வேண்டியது கருத்தடை முறையைத்தான். சாயாவும் காசநோயாளிகளுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை. இப்போதிருந்தே ஆணுறையைத் தொடங்குங்கள். காப்பர்-டி பொருத்தலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரைக்கே திரும்ப விரும்பினால், ரிஃபாம்பிசின் முடிந்து நான்கு வாரங்கள் கழிந்த பிறகுதான் அதன் பாதுகாப்பை நம்பலாம். அதுவரை ஆணுறையைக் கைவிடாதீர்கள்.